மின்சார நாதமும் மனிதக் கையும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று பேசுவதற்கு எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். மின்சாரத்தினால் நாதம் எழுப்பும் வாத்தியங்களைப் பற்றிச் சமயச் சங்கமொன்றிற் பேசுவானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. எமது நிருவாக சபையின் முன் இவ்வாண்டு இரண்டு வேண்டுகோள்கள் வந்துள்ளன. பண்ணிசை வகுப்புக்கு இலத்திரன் சுருதிப்பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது ஒன்று. பூசை வேளையில் முரசும் மணியும் சேமக்கலமும் தாமே ஒலிக்கும் மோட்டர் யந்திரம் ஒன்றைக் கோயிலுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது மற்றையது. இரண்டும் மின்சாரந்தானே, இரண்டையும் வாங்குவோம் என்கின்றனர் இளைஞர் சிலர். இரண்டும் மின்சாரந்தானே, இரண்டும் வேண்டாம் என்கின்றனர் பெரியோர் சிலர். இவ்விரு சாராரும் மின்சாரத்தை மாத்திரமே பார்க்கின்றனர். அதன் பக்கத்தில் நிற்கவேண்டிய மனிதனைப் பார்க்கவில்லை என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம். இத்தகைய வாத்தியங்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்தால் இவ்விரு வேண்டுகோள்களுக்கும் உரிய விடை தானே புலப்படும்.

இருநூறு தொன் வாத்தியம்

மின்சார சங்கீதம் நேற்றுப் பிறந்ததன்று. அமெரிக்காவில் தாடியஸ் கேஹில் என்பவர் 1897ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். டெல்ஹார்மோனியம் என்பது அதன் பெயர். சுழலும் பற்சக்கரங்களைக் கொண்ட மின்பிறப்பாக்கிகள் பல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரத்துக்குரிய மின்னலையை உண்டாக்கும். அவ்வலைகள் ரெலிபோன் கம்பி வழியே சென்று உணவுச்சாலைகளிலும் விடுதிகளிலும் இசையாக ஒலிக்கும். 1906இல் நியூயோர்க் நகரில் அமைக்கப்பெற்ற கருவியின் எடை ஏறத்தாழ 200 தொன்! ஒலியைப் பெருக்கும் வால்வுகள் அன்று பயன்பாட்டுக்கு வராமையினால், வேண்டிய மின்வலு முழுவதையும் சக்கரங்களே பிறப்பிக்க வேண்டியிருந்தது. அக்கருவியின் இசை பக்கத்துக் கம்பிகளிற் புகுந்து மக்களின் ரெலிபோன் சம்பாஷணைகளைக் குழப்பியது, செலவும் தாங்கவில்லை, சில ஆண்டுகளில் முயற்சி வீழ்ந்தது. அதன் நாதத்தைக் கேட்பதற்கு இன்று ஓர் ஒலிப்பதிவுதானும் எஞ்சவில்லை. ஆயினும் அதன் தத்துவம் அழியவில்லை. அதே சுழற்சக்கர முறையைச் சிறிய பெட்டிக்குள் அடக்கி 1935இல் வெளிவந்ததே ஹாமண்ட் ஓர்கன். மிஷன் பாடசாலைகளிற் படித்த எம்மனோர் பலருக்கு ஓர்கனின் ஓசை பழக்கமானதே.

தொடாமல் வாசிக்கும் கருவி

இனி, இத்துறையில் அதிசயங்களுள் அதிசயமானதைக் கூறுவோம். ருசிய நாட்டில் லெவ் தெர்மென் என்னும் பௌதிக விஞ்ஞானி இருந்தார். 1896இற் பிறந்தவர்; செலோ என்னும் நரம்பு வாத்தியமும் பயின்றவர். 1920ஆம் ஆண்டளவில் பெத்ரோகிராட் நகரத்து ஆய்வுகூடமொன்றில் வாயுக்களின் மின்னியல்புகளை அளக்கும் கருவி ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார். தமது கையை அருகிற் கொண்டுசெல்ல, கருவியின் ஒலி மாறுவதை அவதானித்தார். வேறொருவராயின் இதனை இடையூறு என்று எண்ணி ஒதுக்கியிருப்பர். சங்கீதம் பயின்ற காதுடைய தெர்மென், அதிலே ஒரு வாத்தியத்தைக் கண்டார். அதுவே தெரமின்.

அது தொழிற்படும் விதத்தைத் தம்புரா சுருதி சேர்த்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இரண்டு தந்திகள் முற்றாக ஒன்றுபடாதபோது நாதம் ஏறியும் இறங்கியும் அலைவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு தந்தி செக்கனுக்கு 200 தடவையும் மற்றையது 202 தடவையும் அதிர்ந்தால், அவ்வலைவு செக்கனுக்கு இரண்டு தடவை நிகழும். வித்தியாசமே அலைவு. தெரமினுக்குள் தந்திகளுக்குப் பதிலாக இரண்டு மின்னலையங்கள் உள்ளன. அவை காதுக்கு எட்டாத மிக உயர்ந்த மீடிறனில் அதிர்கின்றன. உதாரணமாக, ஒன்று செக்கனுக்கு 1,70,000 தடவை மாறாமல் அதிர்கின்றதென்று கொள்வோம். மற்றையது ஓர் ஏரியலுடன் இணைக்கப்பட்டுள்ளது. வாசிப்பவரின் கை ஏரியலை நெருங்க, கைக்கும் ஏரியலுக்கும் இடையிலுள்ள மின்கொள்ளளவம் கூடி, இரண்டாவது அலையத்தின் மீடிறன் சிறிது குறைகிறது. அது 1,69,560 ஆனால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாகிய 440 என்னும் மீடிறன் ஒலிபெருக்கியிற் கேட்கும் சுரமாக வெளிவருகிறது. வலக்கை சுரத்தை ஆள, இடக்கை வளையமொன்றின் மேல் அசைந்து ஒலியின் அளவை ஆள்கிறது. கை கருவியைத் தொடுவதே இல்லை. வாசிப்பவரின் உடம்பே மின்சுற்றின் ஓர் அங்கமாகி விடுகிறது.

1922இல் தெர்மென் இக்கருவியைக் கிரெம்ளின் மாளிகையில் லெனினுக்குக் காட்டினார். லெனினும் கை அசைத்து வாசித்துப் பார்த்தார். 1927இன் முடிவில் தெர்மென் அமெரிக்கா சென்றார். அங்கே ஆர்.சீ.ஏ. கம்பனி 1929 தொடக்கம் ஏறக்குறைய 500 தெரமின்களைச் செய்து விற்பனைக்கு விட்டது. பாட்டை முணுமுணுக்கத் தெரிந்த எவரும் இதனை வாசிக்கலாம் என்பது கம்பனியின் விளம்பரம். உண்மையோ நேர்மாறானது. பியானோவுக்குக் கட்டைகள் உண்டு; வீணைக்கு மெட்டுகள் உண்டு; வயலினுக்கு மெட்டில்லாவிடினும் விரலுக்கு ஊன்ற ஓரிடம் உண்டு. தெரமினுக்கு வெட்டவெளியே உண்டு. விரல் ஒரு நூலளவு விலகினாலும் சுரம் பிசகும். வாசிப்பவர் சற்றே உடம்பை ஆட்டினாலும் சுரம் பிசகும். வாங்கியவருட் பலர் திகைத்தனர். உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள வியாபாரம் படுத்தது.

அக்கருவியை ஆண்டு காட்டியவர் ஒரு பெண்மணி. கிளாரா றொக்மோர் என்பவர் 1911இல் வில்னா நகரிற் பிறந்தவர். ஐந்து வயது நிரம்புமுன்னரே பெத்ரோகிராட் சங்கீதக் கல்லூரியில் வயலின் பயிலச் சேர்க்கப்பட்ட மேதை. கையில் ஏற்பட்ட நோயினால் வில் பிடிக்க முடியாமற் போயிற்று. பல்லாண்டு சாதகம் வீணாகிவிட்டதே என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. தெரமினை எடுத்துக்கொண்டு, வெளியிலே விரல்களை மடக்கியும் விரித்தும் சுரத்தானங்களைப் பிடிக்கும் முறையொன்றைத் தாமே வகுத்தார். தெர்மென் அவருக்கெனத் திருத்தமான கருவியொன்றைச் செய்தளித்தார். 1977இல் வெளியான அவரது இசைத்தட்டைக் கேட்பவர், ஒரு மனிதக் குரல் பாடுகிறதென்றே மயங்குவர். யந்திரம் சாதகத்தைக் குறைத்துவிட்டதா? இல்லை. வயலினிலும் பார்க்கக் கடிய சாதகத்தையே அது கேட்டது.

தெர்மெனின் பிற்கால வாழ்க்கை துயரம் நிறைந்தது. 1938இல் ருசியா திரும்பினார், 1939இற் கைதுசெய்யப்பட்டார், கொலிமா என்னும் குளிர்ப்பிரதேசத்து முகாமுக்கு அனுப்பப்பட்டார், பின்னர் அரசின் இரகசிய ஆய்வுகூடத்திற் கைதியாகவே வேலைசெய்தார். 1945இல் மொஸ்கோவில் அமெரிக்கத் தூதுவருக்குப் பாடசாலைப் பிள்ளைகள் பரிசளித்த மரச் சின்னத்துக்குள் ஒற்றுக்கேட்கும் கருவி ஒன்று மறைந்திருந்தது. மின்கலம் எதுவும் இல்லாமல், வெளியிலிருந்து செலுத்தும் வானொலி அலையினால் அது உயிர்பெறும். 1952 வரை எவரும் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. அதனை அமைத்தவரும் தெர்மெனே. கானம் பிறப்பித்த அதே அறிவு ஒட்டுக்கேட்கவும் உதவிற்று. கருவியிலே நன்மையுமில்லை, தீமையுமில்லை. அதனைச் செலுத்துவோனிடமே இரண்டும் உள்ளன. 1991இல், தொண்ணூறு வயது கடந்த பின்னர், தெர்மென் நியூயோர்க் சென்று கிளாரா அம்மையாரை மீண்டும் கண்டார். 1993இற் காலமானார்.

கமகமும் கட்டையும்

பெரியோர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று மிக நியாயமானது. கட்டை வைத்த கருவியிற் கமகம் வராது. கமகமின்றி எமது இசை இல்லை என்பர். இக்காரணம் பற்றியே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இலேயே அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. ஆனால் மின்சார வாத்தியம் யாவும் கட்டை வாத்தியம் என்று எண்ணுதல் சரியன்று.

பிரான்சு நாட்டு மொரிஸ் மார்த்தெனோ முதலாம் உலகயுத்தத்தில் வானொலித் தந்தியாளராகக் கடமையாற்றியவர். அவரும் செலோ வித்துவானே. 1928இல் பாரிஸ் நகரில் அவர் அரங்கேற்றிய வாத்தியத்தில், விரலில் மோதிரம் ஒன்றை அணிந்து, அதனோடு பிணைந்த நாடாவை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லலாம். அதன் ஒலிபெருக்கிகளுள் ஒன்றில் நரம்புகள் கட்டப்பட்டிருக்கும். நாதம் எழும்போது அவையும் கூட அதிர்ந்து ரீங்காரஞ் செய்யும். 1930இல் பேர்லினில் டிராட்வைன் அமைத்த டிராட்டோனியத்திலும் கட்டைகளுக்குப் பதிலாக ஒரு கம்பி உண்டு. அதனை விரலால் அழுத்தி வாசிப்பர். அதனை வாழ்நாள் முழுவதும் வளர்த்தெடுத்தவர் ஒஸ்கார் சாலா. 1963இல் வெளியான ஹிச்கொக்கின் “பறவைகள்” என்னும் படத்திற் பறவைக் கூச்சல்களை அக்குடும்பத்துக் கருவியினாலேயே அவர் உண்டாக்கினார்.

மொஸ்கோவிலே எவ்கேனி மூர்சின் என்னும் பொறியியலாளர் 1938இல் எண்ணத் தொடங்கி 1958இல் நிறைவேற்றிய ஏ.என்.எஸ். கருவியோ இன்னும் விசித்திரமானது. கரிய பசை பூசிய கண்ணாடித் தட்டிலே கோடு கீறினால், அக்கீறல் வழியே பாயும் ஒளி நாதமாக மாறும். ஒரு தானத்தைப் பன்னிரண்டாக அன்று, 72ஆகப் பிரித்து, மொத்தம் 720 சுரங்களை அது தரும். மேனாட்டார் பன்னிரண்டுடன் அமைதியடைந்தவர்கள் என்று நாம் ஏளனஞ் செய்தல் இனிப் பொருந்தாது.

சிந்தசைஸர் பிறந்த கதை

நியூயோர்க்கில் 1934இற் பிறந்த றொபேட் மோக், சிறுவனாய் இருக்கும்போதே சஞ்சிகையிலே வந்த விளக்கத்தைப் பார்த்துத் தெரமின் செய்யப் பழகியவர். பின்னர் அவற்றைச் செய்து விற்றே கல்விச் செலவின் ஒரு பகுதியைத் தேடினார். 1964இல் ஹேர்பேட் டொய்ச் என்னும் இசையாசிரியருடன் சேர்ந்து அவர் அமைத்ததே மோக் சிந்தசைஸர். அதன் உயிர்நாடி மின்னழுத்தக் கட்டுப்பாடு. அலையம், வடிகட்டி, ஒலிபெருக்கி என்னும் உறுப்புகள் தனித்தனியே நிற்கும்; அவற்றைக் கம்பிகளால் இணைத்து, ஒன்றின் மின்னழுத்தம் மற்றொன்றை ஆளுமாறு செய்யலாம். அதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக்கரையில் டொன் புக்லா என்பவரும் இத்தகைய கருவியை அமைத்தார். பியானோக் கட்டையை வைத்தால் மக்கள் பழைய பாட்டையே வாசிப்பர் என்று கருதி, அவர் தொட்டுணரும் தகடுகளை வைத்தார். 1968இல் வென்டி கார்லோஸ், ஜேர்மன் மேதை பாக்கின் இசையை மோக் கருவியிற் பதிவுசெய்து உலகை வியக்கவைத்தார். அக்கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே எழும். ஆகையால் ஒவ்வோர் இழையையும் தனித்தனியே வாசித்து, நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார். பொத்தானை அமுக்கியதும் பிறந்த இசையன்று அது.

இச்செய்திகள் கீழைத்தேயத்துக்கு எட்டாதவையுமல்ல. 1969இல் இந்தியாவின் அகமதாபாத் நகரில் தேசிய வடிவமைப்பு நிறுவகத்தில் மோக் கருவியொன்று நிறுவப்பட்டது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அதனை அமைத்துக்கொடுத்தார். அந்நகரத்துக் கீதா சாராபாய் போன்றோர் அதிலே பரிசோதனைகள் செய்தனர். பெங்களூரிலே புல்லாங்குழல் வித்துவானும் பொறியியலாளருமான ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் இலத்திரன் சுருதிப்பெட்டியைச் செய்தார். தம்புரா மீட்ட ஒருவரைத் தேடிப்பிடிக்க இயலாத பாடகனுக்கும் மாணவனுக்கும் அஃது உதவிற்று. எமது நாட்டை 1956 முதல் வாழ்விடமாகக் கொண்ட ஆதர் சீ. கிளாக் அவர்களும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றார். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1961இற் கணினியொன்று பாட்டுப் பாடியது. அதனை அங்கே கேட்டு வியந்த கிளாக், 1968இல் வெளிவந்த தமது விண்வெளிக் கதையிலும் படத்திலும் ஒரு கணினியைப் பாடவைத்தார்.

மனிதனுக்குப் பதிலாக வந்த யந்திரம்

இன்னுமொரு வரலாறு கூறி விடயத்துக்கு வருவோம். யப்பானின் ரோலண்ட் கம்பனி 1981இல் டீ.பீ. 303 என்னும் சிறு பெட்டியை வெளியிட்டது. தாழ்சுரக் கித்தார் வாசிப்பவர் ஒருவர் இல்லாத குறையை நிரப்புவதே அதன் நோக்கம். அதில் அது தோற்றது. மனிதன் வாசிப்பதுபோல் அது ஒலிக்கவில்லை. 1984இல் உற்பத்தியும் நின்றது. ஆனால் 1982இல் பம்பாய் இசைஞர் சரண்ஜித் சிங் அதே பெட்டியைக் கொண்டு பத்து இராகங்களை வாசித்துப் பதிவுசெய்தார். 1980களின் நடுப்பகுதியில் சிக்காகோ நகரத்து இளைஞர், பழைய பொருளாய் மலிவாகக் கிடைத்த அப்பெட்டியின் திருகுகளை வாசிக்கும்போதே திருகித் திருகி, முன்னொருபோதும் கேளாத ஓசையைப் பிறப்பித்தனர். மனிதனை விலக்க வந்தபோது தோற்ற கருவி, மனிதக் கை அதன்மேற் பட்டபோது வென்றது. இன்று அப்பழைய பெட்டிகளைப் பெருவிலை கொடுத்து வாங்குவோர் உளர்.

இப்பொழுது எமது இரு வேண்டுகோள்களையும் நோக்குவோம்.

சுருதிப்பெட்டி பாடுபவனுக்குப் பதிலாகப் பாடுவதில்லை. அது ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு, நீ பாடு என்று காத்திருக்கிறது. ஆகவே அதனை வாங்குதல் தகும். ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். பிள்ளைகள் முதலிலே தம்புராவிற் சுருதி சேர்க்கப் பழகட்டும். அலைவு நின்று இரு தந்திகளும் ஒன்றுபடும் அந்தக் கணத்தைத் தம் காதினால் உணர்ந்த பின்னரே பெட்டியைத் திறக்கட்டும். காது பயிலாதவனுக்குப் பெட்டி ஊன்றுகோலன்று, விலங்கு.

மோட்டர் யந்திரமோ எவரையும் எதிர்பார்ப்பதில்லை. ஆளியைப் போட்டால் அடிக்கும், நிறுத்தினால் ஓயும். தீபாராதனை நீண்டாலென்ன, குறுகினாலென்ன, அது அறியாது. தவில் வித்துவான் தீபத்தைப் பார்த்து வாசிக்கிறான். யந்திரம் எதனைப் பார்க்கும்? அளவெட்டியும் இணுவிலும் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்பெற்ற ஊர்கள். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி அவர்களின் தவிலைத் தமிழகமும் தலைமேற் கொண்டது. அத்தகைய கலை வளர்ந்த மண்ணிலே, கோயில் வாசலில் ஒரு பிள்ளை நின்று கேட்டுப் பழகும் நாதம் மோட்டரின் நாதமானால், அடுத்த தட்சணாமூர்த்தி எங்கிருந்து தோன்றுவார்?

இதற்கு மறுமொழி உண்டென்பதை நாம் அறிவோம். “தம்பி, நீர் பல்கலைக்கழகத்திலிருந்து பேசுகிறீர். சாயந்தரப் பூசைக்கு மணி அடிக்கவே ஆளில்லை. யுத்தத்திலே இடம்பெயர்ந்தவர்கள் பலர். வெளிநாடு போனவர்கள் பலர். நித்திய பூசைக்கு மேளக்காரருக்குக் கொடுக்கப் பணமெங்கே?” என்று தருமகர்த்தாக்கள் கேட்பர். இது வெறும் சாட்டன்று, மெய்யான துன்பம். ஆளில்லாத கோயிலுக்கு யந்திரம் வாங்கியவர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் எமது சங்கத்திலே அங்கத்தவர் இருக்கின்றோமே! ஆளில்லை என்று நாம் சொல்லலாமா?

வாத்தியம் அழிவது எப்படி என்பதை எமக்கு உணர்த்தியவர் சுவாமி விபுலானந்தர். காரைதீவிலே பிறந்து, கிறிஸ்தவப் பாடசாலைகளிற் படித்து, விஞ்ஞானப் பட்டதாரியாகிப் பின் துறவு பூண்ட அப்பெரியார், வழக்கொழிந்த யாழைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து, கணிதத்தையும் ஒலியியலையும் துணைக்கொண்டு “யாழ் நூல்” இயற்றினார். 1947இல் அந்நூல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். ஒரு நாட்டின் பெருவாத்தியம் கை தளர்ந்து மறைந்தால், அதன் உருவை மீட்பதற்கே ஒரு மகானின் ஆயுள் வேண்டியிருந்தது. விஞ்ஞானம் எமது இசைக்குப் பகையன்று என்பதையும் அவர் வாழ்வே காட்டும். மேனாட்டு வயலினைப் பாலுஸ்வாமி தீட்சிதர் போன்றோர் கையில் எடுத்தபோது அது எமது வாத்தியமாயிற்று. கை எடுத்தமையினாலன்றோ அது எமதாயிற்று!

ஆகவே, சபையோரின் சிந்தனைக்கு மூன்று யோசனைகளைச் சமர்ப்பிக்கின்றோம்.

ஒன்று: பண்ணிசை வகுப்புக்குச் சுருதிப்பெட்டி வாங்குக, அதனோடு தம்புரா ஒன்றையும் பழுதுபார்த்து வைக்குக.

இரண்டு: மோட்டர் யந்திரத்துக்கென ஒதுக்க எண்ணிய பணத்தை, தவிலோ நாதஸ்வரமோ பயிலும் வசதி குறைந்த பிள்ளை ஒருவருக்கு ஆண்டுதோறும் உதவியாக வழங்குக. அப்பிள்ளை விசேட தினங்களிற் கோயிலில் வாசிக்க இடமளிக்குக.

மூன்று: நித்திய பூசைக்கு மணியும் சேமக்கலமும் சங்கும் எமது அங்கத்தவர் கையாலேயே ஒலிக்கட்டும். வாரத்தில் ஏழு நாள். ஒரு நாளைக்கு இருவராகப் பதினான்கு பேர் போதும். பல்கலைக்கழக விடுமுறைக் காலத்தில் எமது பெயரையும் அப்பட்டியலிற் சேர்த்துக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகிறோம். பதினான்கு பேர் சேரவில்லையானால், யந்திரம் வேண்டாம் என்று பேசும் உரிமை எமக்கு இல்லை. அப்பொழுது பெரியோர்கள் செய்வதை நாம் வாய்மூடி ஏற்போம்.

இறைவனை நாத வடிவினன் என்று போற்றும் சமயம் எமது சமயம். அந்நாதம் நரம்பிலிருந்து எழுந்தாலென்ன, தோலிலிருந்து எழுந்தாலென்ன, வால்விலிருந்து எழுந்தாலென்ன? எழுப்புகின்ற கை ஒன்றும், கேட்கின்ற காது ஒன்றும், ஒன்றுகின்ற மனம் ஒன்றும் இருத்தல் வேண்டும். பட்டியற் கொப்பி இன்று வாசல் மேசையில் இருக்கும். பெயரெழுத விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்து போகும்போது எழுதிச் செல்லுமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.